பெடல் ஏன் கனக்கிறது: நீர்மின் நிலையத்துக்குள் நடப்பது

கேள்வி இது: “தண்ணீர் டர்பைனைச் சுழற்றுகிறது, டர்பைன் ஜெனரேட்டரைச் சுழற்றுகிறது, மின்சாரம் வருகிறது என்று பள்ளியில் படித்திருக்கிறேன். ஆனால் சுற்றினால் ஏன் மின்சாரம் வர வேண்டும்? அதற்கு எதற்கு அவ்வளவு உயரமான அணை? மின்சாரம் எடுத்த பிறகு அந்தத் தண்ணீரில் ஏதாவது குறைந்துபோகிறதா?”

நீர்மின் நிலையங்களில் இயந்திரங்களை ஓட்டியும் பழுது பார்த்தும் பல வருடங்கள் வேலை செய்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மூன்றில் முதல் கேள்விதான் முக்கியம். அது பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்து சேரும்.

பழைய சைக்கிளில் டைனமோ வைத்து ஓட்டியவர்களுக்குப் பாதி பதில் காலிலேயே தெரியும். டயரின் பக்கவாட்டில் உரசிக்கொண்டு ஓடும் சின்னக் குப்பி அது. டயரில் சாய்த்ததும் பெடல் கனக்கும். உரசலால் கொஞ்சம் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது விளக்குக்குப் போகும் ஒயரை மட்டும் கழற்றிவிட்டு மிதித்துப் பாருங்கள். டைனமோ அதே வேகத்தில்தான் சுற்றும், ஆனால் பெடல் லேசாகிவிடும். ஒயரை மாட்டுங்கள், மறுபடி கனக்கும். அந்த 3 வாட் விளக்கு எரியத் தேவையான சக்தி உங்கள் காலில் இருந்துதான் போகிறது. வெறுமனே சுற்றுவதால் மின்சக்தி வெளியே போவதில்லை. சுற்றவிடாமல் ஏதோ ஒன்று எதிர்த்து இழுக்க வேண்டும், அதை மீறிச் சுற்ற வேண்டும். மீறுவதற்குச் செலவாகும் உழைப்புதான் ஒயர் வழியாக மின்சாரமாகப் போகிறது.

நீர்மின் நிலையமும் அதே சைக்கிள்தான். மிதிப்பது தண்ணீரின் எடை.

எதிர்ப்பது எது? 1831ல் மைக்கேல் ஃபாரடே கண்டது இது: செம்புக் கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் காந்தம் அசைந்தால் கம்பியின் இரு முனைகளுக்கு இடையே மின் அழுத்தம் தோன்றும். முனைகள் எதோடும் சேராமல் இருக்கும்வரை அவ்வளவுதான், மின்னோட்டம் கிடையாது. விளக்கோடு இணைத்ததும் மின்னோட்டம் பாயும். மின்னோட்டம் பாயும் சுருள் தானும் ஒரு காந்தமாகிவிடும். அந்தப் புதுக் காந்தம் நெருங்கி வரும் காந்தத்தைத் தள்ளும், விலகிப் போகும் காந்தத்தைப் பிடித்து இழுக்கும். எப்போதும் அசைவுக்கு எதிராகத்தான். 1834ல் ஹைன்ரிஷ் லென்ஸ் இதை விதியாக வகுத்தார். அது மட்டும் நேர்மாறாக இருந்திருந்தால், ஒருமுறை தள்ளிவிட்டாலே தானாக வேகமெடுத்து ஓடிக்கொண்டே இருக்கும் இயந்திரம் செய்துவிடலாம். இயற்கை அப்படி எதையும் இலவசமாகத் தருவதில்லை.

ஜெனரேட்டரில் நடுவே சுழல்வது ரோட்டார், அதைச் சுற்றி அசையாமல் நிற்கும் வளையம் ஸ்டேட்டர். ரோட்டாரில் காந்தங்கள் இருக்கும், ஸ்டேட்டரின் பள்ளங்களில் செம்புச் சுருள்கள் இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஓரிரு சென்டிமீட்டர் காற்று இடைவெளி. நிலையத்தின் மொத்த மின்சக்தியும் அந்த இடைவெளியைத்தான் தாண்டுகிறது. அங்கே எதுவும் எதையும் தொடுவதில்லை. இத்தனை வருடம் கழித்தும் எனக்கு இது வியப்பாகத்தான் இருக்கிறது.

கணக்குக்கு ஒரு நடுத்தர நிலையத்தை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் இறங்கும் உயரம் 100 மீட்டர், விநாடிக்கு 35 கன மீட்டர் தண்ணீர், கிடைப்பது சுமார் 30 மெகாவாட். ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 300 சுற்று சுழல்கிறது. அப்போது ரோட்டாரைக் காந்த விசை பின்னுக்கு இழுக்கும் முறுக்கு எவ்வளவு தெரியுமா? ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் ஏறக்குறைய 97 டன் எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். டர்பைன் அதை எதிர்த்து விநாடிக்கு ஐந்து சுற்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதே இயந்திரத்தை லோடு இல்லாமல் அதே வேகத்தில் சுழல விட்டால் மிகக் கொஞ்சம் தண்ணீர் போதும். சைக்கிளில் ஒயரைக் கழற்றிய கதைதான்.

ரோட்டாரில் இருப்பவை நிரந்தரக் காந்தங்கள் இல்லை. இரும்புத் துருவங்களைச் சுற்றிக் கம்பி சுற்றி, அதில் நேர்மின்னோட்டம் செலுத்திக் காந்தமாக்குகிறார்கள். இதற்கு எக்சைட்டேஷன் என்று பெயர். இதை ஏற்றி இறக்கினால் வெளியே வரும் மின் அழுத்தம் கூடும், குறையும். துருவங்களின் எண்ணிக்கைக்கும் வேகத்துக்கும் ஒரு கட்டாயக் கணக்கு உண்டு. 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 அலை கொண்ட மின்சாரம் வேண்டுமென்றால் 6,000த்தைத் துருவ எண்ணிக்கையால் வகுக்க வேண்டும், அதுதான் நிமிடச் சுற்று. 20 துருவம் என்றால் 300 சுற்று. மெதுவாகச் சுற்றும் பெரிய டர்பைனுக்குத் துருவங்கள் நிறைய வேண்டும். நீர்மின் ஜெனரேட்டர்கள் குட்டையாக, அகலமாக, வட்ட மேடை போல இருப்பதற்கு இதுதான் காரணம்.

பிரேசிலுக்கும் பராகுவேக்கும் நடுவே பரானா நதியில் இருக்கும் இத்தாய்ப்பு நிலையத்தில் இதை ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம். 700 மெகாவாட் இயந்திரங்கள் மொத்தம் 20. பராகுவேயில் 50 ஹெர்ட்ஸ், பிரேசிலில் 60 ஹெர்ட்ஸ். அதனால் பாதி இயந்திரங்கள் 66 துருவங்களோடு 90.9 சுற்றிலும், மறுபாதி 78 துருவங்களோடு 92.3 சுற்றிலும் ஓடுகின்றன. ஒரே ஆற்றின் தண்ணீர், ஒரே உயரம். துருவ எண்ணிக்கை மாறியதால் வெளியே வரும் மின்சாரம் வேறு.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருவோம். உயரம் எதற்கு?

ஒரு லிட்டர் தண்ணீர் 100 மீட்டர் இறங்கினால் கிடைக்கும் ஆற்றல் 981 ஜூல். இது எவ்வளவு என்று உணர ஒரு ஒப்பீடு: அறை வெப்பத்தில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர, சுமார் 350 லிட்டர் தண்ணீர் 100 மீட்டர் இறங்கி டர்பைன் வழியாகப் போக வேண்டும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நாலு கன மீட்டர், அதாவது 4,000 லிட்டர். தண்ணீரின் எடையில் இருக்கும் ஆற்றல் அவ்வளவு சொற்பம். அதனால்தான் ஒன்று உயரம் நிறைய வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் ஏராளமாக வேண்டும். இரண்டின் பெருக்கல்தான் கணக்கு. உயரத்தைப் பாதியாக்கினால் இரண்டு மடங்கு தண்ணீரை விட வேண்டும்.

பலரும் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று இருக்கிறது. தண்ணீர் மேலே இருந்து குழாயில் அருவி போலப் பாய்ந்து, அந்த வேகத்தில் போய் டர்பைனை அடிக்கிறது என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. பென்ஸ்டாக் என்ற அந்த இரும்புக் குழாய் எப்போதும் முழுக்க நிரம்பியிருக்கும். அதற்குள் தண்ணீர் விநாடிக்கு 5 மீட்டர் அளவில்தான் நகரும். அது நிதானமாகச் சைக்கிள் ஓட்டும் வேகம். 100 மீட்டர் உயரத்தில் கிடைக்கும் ஆற்றலில் அந்த வேகத்தின் பங்கு ஒன்றேகால் மீட்டருக்குச் சமமானது மட்டுமே. மீதி முழுக்க அழுத்தமாக இருக்கிறது. குழாயின் அடியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 10 கிலோ எடை உட்கார்ந்திருக்கிறது. மேலே இருக்கும் தண்ணீர் கீழே இருப்பதை நெருக்கிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான்.

அந்த அழுத்தத்துக்கு ஏரியின் பரப்பைப் பற்றிக் கவலையே இல்லை. 100 மீட்டர் ஆழம் என்றால், பின்னால் கடல் அளவு தண்ணீர் இருந்தாலும் ஒரு கிணறு அளவு இருந்தாலும் அடியில் ஒரே அழுத்தம். பெரிய நீர்த்தேக்கம் சேமிப்புக்காக: மழைக்கால வெள்ளத்தைப் பிடித்து வைத்து, வேண்டும்போது விடுவதற்கு. அழுத்தம் தருவது உயரம் மட்டுமே. அந்த உயரத்தை அணைதான் தர வேண்டும் என்றும் இல்லை. மலைச் சரிவு இருந்தால் ஆற்றில் குறுக்கே ஒரு சிறு தடுப்பு கட்டி, தண்ணீரைச் சுரங்கத்தில் திருப்பி, பல கிலோமீட்டர் தள்ளிப் பள்ளத்தாக்கில் இறக்கலாம்.

சுவிட்சர்லாந்தின் பியூட்ரோன் நிலையத்துக்கு 285 மீட்டர் உயர கிராண்ட் திக்ஸான்ஸ் அணையின் தண்ணீர் வருகிறது. ஆனால் அது இறங்கும் மொத்த உயரம் 1,883 மீட்டர். மீதியை மலை கொடுக்கிறது. அங்கே 423 மெகாவாட் இயந்திரம் ஒன்றுக்கு விநாடிக்கு 25 கன மீட்டர் தண்ணீர் போதும். இத்தாய்ப்பில் உயரம் 118 மீட்டர் அளவில்தான். அதனால் 700 மெகாவாட் இயந்திரம் ஒன்றுக்கு விநாடிக்கு சுமார் 650 கன மீட்டர் தேவைப்படுகிறது.

இவ்வளவு வித்தியாசமான இரண்டு தண்ணீருக்கு ஒரே சக்கரம் பொருந்தாது. உயரம் மிக அதிகமான இடத்தில் பெல்டன் சக்கரம். கலிஃபோர்னியாவின் தங்கச் சுரங்கப் பகுதியில் வேலை செய்த லெஸ்டர் பெல்டன் 1880ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். குழாயின் நுனியில் ஒரு நாசில், அதில் அழுத்தம் முழுக்க வேகமாக மாறி, தண்ணீர் ஈட்டி போலப் பீய்ச்சும். பியூட்ரோனில் அது விநாடிக்கு சுமார் 190 மீட்டர், மணிக்கு ஏறத்தாழ 690 கிலோமீட்டர். சக்கரத்தின் விளிம்பில் இரட்டைக் கரண்டி போன்ற கிண்ணங்கள் இருக்கும், நடுவே கத்தி முனை போன்ற ஒரு முகடு. தாரை அந்த முகட்டில் பட்டு இரண்டாகப் பிளந்து, இரு பக்கமும் வளைந்து, வந்த திசைக்கே ஏறக்குறைய திரும்பிப் போகும்.

இதில் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. கிண்ணம் தாரையின் பாதி வேகத்தில் ஓட வேண்டும். ஏன் பாதி? தாரை 190ல் வருகிறது, கிண்ணம் 95ல் விலகிப் போகிறது என்றால், கிண்ணத்தின் பார்வையில் தண்ணீர் 95ல் வந்து மோதி, 95ல் பின்னோக்கித் திரும்புகிறது. கிண்ணமே முன்னோக்கி 95ல் போவதால், தரையில் நிற்கும் நமக்கு அந்தத் தண்ணீரின் வேகம் சுழி. அந்த அசுர வேகம் முழுவதையும் சக்கரத்திடம் கொடுத்துவிட்டு, தண்ணீர் அப்படியே தொப்பென்று கீழே விழும். பெல்டன் சக்கரத்துக்குக் கீழே இருக்கும் கால்வாயைப் பார்த்தால் இது புரியும். உள்ளே போனது பாறையை அறுக்கும் தாரை, வெளியே வருவது சோர்ந்துபோன வாய்க்கால் தண்ணீர்.

நடுத்தர உயரத்துக்கு ஃபிரான்சிஸ் டர்பைன். ஜேம்ஸ் ஃபிரான்சிஸ் 1840களின் கடைசியில் மாசசூசெட்ஸின் லோவெல் நகரத்தில், ஆலைகளுக்காக உருவாக்கியது. இதில் தண்ணீர் நத்தைக்கூடு போன்ற குழாயில் சுற்றிவந்து, எல்லாப் பக்கமிருந்தும் உள்நோக்கி நுழைந்து, சக்கரத்தின் இலைகளுக்கு நடுவே திரும்பிக் கீழே இறங்கும். அழுத்தம் சக்கரத்துக்கு உள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கழிகிறது. உலகின் மிகப் பெரிய இயந்திரங்கள் இந்த வகைதான். சீனாவின் பைஹெதான் நிலையத்தில் ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட். உயரம் மிகக் குறைவாகவும் தண்ணீர் மிக அதிகமாகவும் இருந்தால் கப்ளான் டர்பைன், கப்பலின் புரொப்பெல்லர் மாதிரி. விக்டர் கப்ளான் அதன் இலைகளைத் தேவைக்கேற்பத் திருப்பும்படி செய்தார், அதனால் தண்ணீர் வரத்து கூடினாலும் குறைந்தாலும் திறன் அதிகம் விழாது.

நல்ல டர்பைன் தண்ணீரின் ஆற்றலில் 90 சதவீதத்துக்கு மேல் எடுத்துவிடும். நிலக்கரி நிலையங்கள் பொதுவாக 35 முதல் 45 சதவீதத்தில் நின்றுவிடுகின்றன. அது அங்கே வேலை செய்பவர்களின் குறை இல்லை. வெப்பத்தை இயக்கமாக மாற்றும்போது ஒரு பெரும் பகுதியை வெளியே விட்டே ஆக வேண்டும் என்பது இயற்பியல் விதி. தண்ணீருக்கு அந்தக் கட்டாயம் இல்லை, எடை நேராகவே முறுக்காக மாறுகிறது.

சக்கரத்துக்கு அடியில் இருக்கும் டிராஃப்ட் டியூபைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் ஃபிரான்சிஸ், கப்ளான் இரண்டுக்கும் அது இல்லாமல் முடியாது. போகப்போக விரியும் குழாய் அது. சக்கரத்தை விட்டு வெளியேறும் தண்ணீரின் வேகத்தை மெல்லக் குறைத்து, சக்கரத்துக்குக் கீழே ஒரு உறிஞ்சும் விசையை உண்டாக்குகிறது. மேலிருந்து தள்ளுவது போதாதென்று கீழிருந்தும் இழுக்கிறது.

ஆனால் அந்த உறிஞ்சலுக்கு ஒரு விலை உண்டு. அழுத்தம் ரொம்பக் குறைந்தால் குளிர்ந்த தண்ணீரே கொதித்துக் குமிழிகள் உண்டாகும். அவை சற்றுத் தள்ளி அழுத்தம் கூடிய இடத்துக்குப் போனதும் நசுங்கி வெடிக்கும். ஒவ்வொரு வெடிப்பும் ஊசிமுனை அளவு சுத்தியல் அடி. இதற்கு கேவிடேஷன் என்று பெயர். ஓடும் இயந்திரத்தின் டிராஃப்ட் டியூப் கதவில் காதை வைத்தால், உள்ளே சரளைக் கற்கள் உருள்வது போலக் கேட்கும். இயந்திரத்தை நிறுத்தி, தண்ணீரை வடித்து, டார்ச்சோடு உள்ளே ஏறிச் சக்கரத்தின் இலையைத் தடவிப் பார்த்திருக்கிறேன். எதற்கும் அசையாத துருப்பிடிக்காத எஃகு, கடற்பஞ்சு போல ஓட்டை ஓட்டையாக இருந்தது. விரல் நுனி உள்ளே போகும் ஆழம். அரித்தது வெறும் தண்ணீர்க் குமிழிகள். அதைச் சுரண்டி, வெல்டிங் வைத்து நிரப்பி, பழைய வளைவுக்கே தேய்த்துக் கொண்டுவர வாரக்கணக்கில் ஆகும்.

இமயமலை ஆறுகளில் இன்னொரு தொல்லை: தண்ணீரோடு வரும் குவார்ட்ஸ் மணல். சட்லெஜ் ஆற்றின் 1,500 மெகாவாட் நாத்பா ஜாக்ரி நிலையத்தில் மணலைப் படிய வைக்கவே பெரிய நிலத்தடி அறைகள் கட்டியிருக்கிறார்கள். அப்படியும் வெள்ளக் காலத்தில் மண் அளவு எல்லை மீறினால் நிலையத்தையே நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கு ஓட்டிச் சம்பாதிப்பதைவிட, தேய்ந்த சக்கரத்தை மாற்றும் செலவு அதிகம்.

பேரிங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரோட்டார், தண்டு, டர்பைன் சக்கரம், அதன்மேல் தண்ணீர் அழுத்தும் எடை எல்லாம் சேர்ந்து நூற்றுக்கணக்கான டன்கள், பெரிய இயந்திரத்தில் ஆயிரக்கணக்கான டன்கள். அத்தனையும் ஒரே பேரிங்கில் நிற்கின்றன. அங்கே உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. லேசாகச் சாயக்கூடிய தகடுகளுக்கு மேல், முடி அளவே தடிமனுள்ள எண்ணெய்ப் படலத்தில் முழு எடையும் மிதக்கிறது. ஆல்பர்ட் கிங்ஸ்பரி வடிவமைத்த இத்தகைய பேரிங்கை நீர்மின் நிலையத்தில் முதலில் பொருத்தியது 1912ல், அமெரிக்காவின் சஸ்குவஹன்னா நதியில் உள்ள ஹோல்ட்வுட் நிலையத்தில். சுழற்சிதான் எண்ணெயை உள்ளே இழுத்துப் படலமாக்குகிறது. அதனால் இயந்திரத்தை நிறுத்தும்போது வேகம் குறைந்ததும் பிரேக் போட்டு விரைவாக நிறுத்திவிட வேண்டும். மெதுவாக உருண்டுகொண்டே இருக்க விட்டால் படலம் அறுந்து பேரிங் நாசமாகிவிடும்.

இயந்திரத்தை ஓட வைப்பதில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் கிரிட்டோடு, அதாவது பல நிலையங்களையும் ஊர்களையும் சேர்க்கும் மின்கம்பி வலையோடு, இணைப்பது. டர்பைனைச் சுற்றி விக்கெட் கேட் என்ற இலைக் கதவுகள் வட்டமாக இருக்கும். அவை லேசாகத் திறந்ததும் காலடியில் ஒரு முனகல் தொடங்கும். வேகம் ஏறி 300 சுற்றை எட்டியதும் எக்சைட்டேஷன் கொடுப்போம், மின் அழுத்தம் வந்துவிடும். ஆனாலும் உடனே இணைக்கக் கூடாது. நம் இயந்திரத்தின் அலையும் கிரிட்டின் அலையும் ஒரே கணத்தில் ஏறி ஒரே கணத்தில் இறங்க வேண்டும். அதைக் காட்டும் கருவி சிங்க்ரோஸ்கோப், ஒற்றை முள் வைத்த கடிகாரம் போல. முள் மெல்லச் சுற்றி வரும். 12 மணி நிலைக்கு வரும்போது பிரேக்கரை, அதாவது இயந்திரத்தைக் கிரிட்டோடு சேர்க்கும் பெரிய சுவிட்சை, மூட வேண்டும். முதல்முறை நான் கையால் மூடியபோது மூன்று சுற்றுகளை வீணாக விட்டுவிட்டு நாலாவதில்தான் துணிந்தேன். சரியாக மூடினால் ஒன்றுமே தெரியாது, மெல்லிய ‘டக்’ சத்தம் மட்டும். தவறிப்போனால் முழுக் கிரிட்டும் சேர்ந்து அந்தத் தண்டை முறுக்கி இழுத்து வரிசைக்குக் கொண்டுவரும், கட்டிடமே அதிரும்.

இணைந்த பிறகு நம் ரோட்டார் தனி ஆள் இல்லை. அந்தக் கிரிட்டில் இருக்கும் இப்படிப்பட்ட எல்லா ஜெனரேட்டர்களும் கைகோத்தது போல ஒரே தாளத்தில் ஓடுகின்றன. இப்போது எங்கோ ஒருவர் மோட்டார் போடுகிறார். உடனே அத்தனை ரோட்டார்களிலும் இழுவை ஒரு துளி கூடுகிறது, எல்லாம் சேர்ந்து ஒரு துளி வேகம் குறைகின்றன. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்ற கருவி அதைக் கவனித்து, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பெரிய பிஸ்டன்களால் விக்கெட் கேட்டைக் கொஞ்சம் திறக்கிறது. தண்ணீர் கூடுகிறது, வேகம் நிலைப்படுகிறது. அதாவது நீங்கள் சுவிட்ச் போட்ட கணத்தில் அணையில் பெடல் கனத்து, தண்ணீர் கொஞ்சம் அழுத்தி மிதிக்கிறது. மின்சாரம் எங்கோ உற்பத்தியாகிக் கிடங்கில் காத்திருப்பது கிடையாது.

இதில் ஒரு வினோதம் உண்டு. கதவைத் திறந்ததும் ஓரிரு விநாடிக்கு மின்சக்தி கூடுவதற்குப் பதில் குறையும். குழாயில் இருக்கும் தண்ணீர் கனமானது, உடனே வேகமெடுக்காது. வழி அகலமானதும் சக்கரத்தின் வாசலில் அழுத்தம் விழுகிறது. பிறகுதான் மேலிருந்து தண்ணீர் வேகமெடுத்து வந்து அதை ஈடுகட்டுகிறது. கவர்னரைச் சரிசெய்பவர் இதை மறந்தால் இயந்திரம் ஊசலாட ஆரம்பித்துவிடும்.

இதையே திருப்பிப் பாருங்கள், அங்கேதான் ஆபத்து. மூன்று மீட்டர் விட்டம், 300 மீட்டர் நீளம் உள்ள குழாயில் 2,000 டன்னுக்கு மேல் தண்ணீர், ஒரு சரக்கு ரயிலின் எடை, ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று மின்பாதையில் கோளாறு, பிரேக்கர் விழுந்துவிட்டது. லோடு ஒரே கணத்தில் சுழி. பின்னிழுத்த 97 டன் மறைந்துவிட்டது, ஆனால் தண்ணீர் தள்ளிக்கொண்டே இருக்கிறது. சக்கரம் தறிகெட்டு வேகமெடுக்கும். உடனே கதவைச் சாத்தலாமே என்று தோன்றும். விநாடிக்கு 5 மீட்டரில் வரும் தண்ணீரைச் சடாரென்று நிறுத்தினால், குழாயில் ஏறும் கூடுதல் அழுத்தம் 500 மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமம். 100 மீட்டருக்குக் கட்டிய குழாய் கிழிந்துவிடும். அதனால் வேகம் ஓரளவு ஏறட்டும் என்று பொறுத்து, பல விநாடிகள் எடுத்துக் கதவை மூடுகிறார்கள். நீண்ட சுரங்கம் உள்ள இடத்தில் சர்ஜ் டேங்க் என்ற உயரமான தொட்டி வைத்து, பொங்கும் தண்ணீர் அதில் ஏறி இறங்க வழி விடுகிறார்கள். பெல்டன் சக்கரத்தில் இன்னும் எளிய வழி: ஒரு தகடு குறுக்கே வந்து தாரையைச் சக்கரத்தில் படாமல் திருப்பிவிடும், நாசிலை அப்புறம் நிதானமாக மூடிக்கொள்ளலாம்.

இந்த விசைகளை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2009 ஆகஸ்ட் 17 அன்று ரஷ்யாவின் சயானோ-ஷுஷென்ஸ்கயா நிலையத்தில், அதிர்வால் களைத்துப்போன போல்ட்டுகள் அறுந்து, இரண்டாம் இயந்திரத்தின் டர்பைன் மூடி ரோட்டாரோடு மேலே தூக்கி எறியப்பட்டது. இயந்திரக் கூடத்தில் வெள்ளம் புகுந்து 75 பேர் இறந்தார்கள். அந்தச் செய்திக்குப் பிறகு போல்ட் சோதனையை நான் ஒருநாளும் சடங்காகச் செய்ததில்லை.

ஜெனரேட்டரில் இருந்து 11,000 வோல்ட் அளவில் வரும் மின்சாரத்தை டிரான்ஸ்ஃபார்மர் 2,20,000 வோல்ட்டாக ஏற்றி அனுப்பும். மின் அழுத்தம் 20 மடங்கு ஏறினால் மின்னோட்டம் 20ல் ஒரு பங்காகும், அதே கம்பியில் வெப்பமாக வீணாவது 400ல் ஒரு பங்காகும். 1896ல் நயாகராவின் மின்சாரம் பஃபலோ நகரம் வரை போக முடிந்தது, இப்படி மாற்றக்கூடிய மாறுதிசை மின்சாரம் என்பதால்தான்.

இன்னொன்று. ஒயர் வழியாக வெளியே போகும் சக்தியைத் திருப்பி உள்ளே அனுப்பினால்? ரோட்டாரை இப்போது கிரிட் இழுத்துச் சுற்றும், டர்பைன் பம்பாகி, கீழே இருக்கும் தண்ணீரை மேலே ஏற்றும். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் ஏற்றி, தேவை எகிறும்போது இறக்குவார்கள். ஏற்றி இறக்குவதில் நாலில் ஒரு பங்கு போய்விடும், இருந்தும் லாபம்தான். வேல்ஸின் டினோர்விக் நிலையம் 1984ல் தொடங்கியது, 1,728 மெகாவாட். சக்கர அறையில் இருந்து தண்ணீரை வெளியேற்றிக் காற்றில் சும்மா சுழல வைத்திருந்து, அழைப்பு வந்ததும் இருபது விநாடிகளுக்குள் 1,300 மெகாவாட்டுக்கு மேல் கொடுக்கக்கூடியது.

கடைசிக் கேள்வி: தண்ணீரில் என்ன குறைகிறது? மின்சாரம் எடுத்துவிட்டதால் தண்ணீர் சத்திழந்துவிட்டது என்று சிலர் நம்புவதைக் கேட்டிருக்கிறேன். மின்சாரம் தண்ணீருக்குள் இருந்ததே இல்லை. தண்ணீர் ஜெனரேட்டரைத் தொடுவதே இல்லை, ஜெனரேட்டர் டர்பைனுக்கு மேல் மாடியில் உலர்ந்து இருக்கிறது. தண்ணீரில் கரைந்த உப்புகள், தாதுக்கள் எதுவும் குறைவதில்லை.

மாற்றம் வருவது நீர்த்தேக்கத்தால். ஆழத்தில் இருந்து எடுக்கும் தண்ணீர் குளிர்ந்திருக்கும், பிராணவாயு குறைந்திருக்கும். இரண்டும் கீழே ஆற்றில் வாழும் மீன்களைப் பாதிக்கும். ஆறு சுமந்து வந்த வண்டல் அணைக்குப் பின்னாலேயே தங்கிவிடும், கீழே உள்ள வயலுக்கும் கழிமுகத்துக்கும் போகாது. மூழ்கிய செடிகொடிகள் அழுகி மீத்தேன் வெளியாகும், வெப்ப நாடுகளில் அது கணிசமாகவே இருக்கக்கூடும். சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணைக்காகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடு மாற வேண்டியிருந்தது. நான் இந்தத் தொழிலை நேசிப்பவன், ஆனாலும் இதை விட்டுவிட்டுப் பதில் சொன்னால் அது முழுப் பதில் ஆகாது.

மின்சாரம் எடுத்ததால் மட்டும் தண்ணீருக்கு நேர்வதை அளந்தே சொல்லலாம். 100 மீட்டர் அருவியாக விழுந்திருந்தால், விழுந்த ஆற்றலெல்லாம் கீழே சுழன்று நுரைத்து வெப்பமாகி, தண்ணீரைச் சுமார் 0.23 டிகிரி சூடாக்கியிருக்கும். டர்பைன் வழியாக வந்த தண்ணீரில் அந்தச் சூட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஏறுவதில்லை. மீதி உங்கள் வீட்டு விளக்கில் இருக்கிறது.